ஐந்து புள்ளிகளும் ஒட்ட வேண்டும்

செங்கல்பட்டு சந்திப்பில் இறங்குபவர் கண்ணில் முதலில் படுவது அந்த மஞ்சள் பலகைதான். தமிழ், இந்தி, ஆங்கிலம் என்று மூன்று வரி, கறுப்பு எழுத்து, பாதையை ஒட்டிக் கொளவாய் ஏரியின் காற்று. அந்தப் பலகையை 87இல் ஒரு பங்காகச் சுருக்கி மேசைமேல் நிறுத்த ஆசைப்படுபவருக்குப் பலகை செய்வது அரைமணி வேலை. பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டி, இரண்டு கால் வைத்து, மஞ்சள் அடித்தால் முடிந்தது. நாள் கணக்கில் உட்காரவைப்பது எழுத்துதான். நிஜப் பலகையில் 30 செ.மீ. உயரம் இருக்கும் எழுத்து 1:87 அளவில் 3.4 மி.மீ. ஆகிவிடும். ‘செங்கல்பட்டு சந்திப்பு’ என்ற இரண்டு சொற்களில் ங், ல், ட், ந், ப் என்று ஐந்து மெய்யெழுத்துகள். ஐந்து புள்ளிகள். ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

மாமல்லபுரத்துக்கு இரண்டு புள்ளி, தாம்பரத்துக்கு இரண்டு புள்ளி. முதல் முயற்சிக்கு அந்த ஊர்ப் பலகைகளை எடுத்துக்கொள்பவர் கெட்டிக்காரர்.

தூரிகையால் இதை எழுத முடியாதா என்றால், முடியும். கை தேர்ந்த சிலர் எழுதுகிறார்கள். ஆனால் ஒரே மாதிரி பத்துப் பெட்டி, பெட்டிக்கு இரண்டு பக்கம் என்று வரும்போது கை எழுத்து ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். ரயில், பஸ், விமானம், படகு எதுவானாலும் மாடலை உண்மையென்று நம்ப வைப்பது அதன்மேல் உள்ள எழுத்துதான். வண்ணம் கொஞ்சம் மாறினாலும் கண் மன்னித்துவிடும். எழுத்து கோணினால் மன்னிக்காது. அதற்கு உதவுவதுதான் டிரை டிரான்ஸ்பர், அதாவது தண்ணீர் இல்லாமல் தேய்த்து ஒட்டும் எழுத்து.

வயதில் மூத்த ஓவியர்களுக்கும் லே-அவுட் கலைஞர்களுக்கும் இது புதிதல்ல. ‘லெட்ராசெட்’ என்று சொன்னால் உடனே புரிந்துகொள்வார்கள். 1959இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் அது. முதலில் தண்ணீரில் நனைத்து ஒட்டும் எழுத்தை விற்றது. 1961இல் தேய்த்து ஒட்டும் தாளைக் கொண்டுவந்தது. கம்ப்யூட்டரும் டிடிபியும் வரும்வரை விளம்பரத் தலைப்புகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் கட்டட வரைபடங்களுக்கும் உலகம் முழுக்க அந்தத் தாள்தான் ஓடியது. அச்சுத் தொழில் அதைக் கைவிட்டபோது மாடல் செய்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிரிட்டனில் வரலாற்று மாடல் ரயில் சங்கம் ‘பிரெஸ்ஃபிக்ஸ்’, ‘மெத்ஃபிக்ஸ்’ என்று இரண்டு வகை ஒட்டெழுத்துகளைத் தருகிறது. முதலாவது அழுத்தினால் பிடிக்கும். இரண்டாவதற்கு ஸ்பிரிட் கலந்த தண்ணீர் வேண்டும். அமெரிக்காவின் உட்லண்ட் சீனிக்ஸ் எழுத்தும் எண்ணும் அச்சிட்ட டிரை டிரான்ஸ்பர் தாள்களை விற்கிறது. ஜப்பானின் பண்டாய் தயாரிக்கும் ‘மாஸ்டர் கிரேடு’ குண்டாம் கிட் வாங்கிய பிள்ளைகள் பலரும், பெயர் தெரியாமலே, பெட்டிக்குள் இந்தத் தாளைப் பார்த்திருப்பார்கள்.

வாங்குவதற்கு முன் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மேலே இருப்பது கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள். அதன் அடிப்பக்கத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் மையும், மைக்கு அடியில் மெழுகுத்தன்மை உள்ள லேசான பசையும் இருக்கும். பசை எங்கும் ஒட்டிவிடாமல் காக்க ஒரு வழுவழுப்பான பின்தாள். மேலிருந்து மழுங்கிய முனையால் தேய்க்கும்போது பிளாஸ்டிக் கொஞ்சம் இழுபடுகிறது, மை அதைவிட்டுப் பிரிகிறது, பசை கீழே உள்ள பரப்பைப் பிடிக்கிறது. பிரிந்த இடம் சற்று வெளுத்துத் தெரியும். அந்த வெளுப்புதான் ஒட்டுபவருக்கு அடையாளம். எழுத்தைச் சுற்றி வேறு படலம் எதுவும் இல்லை, மை மட்டுமே இறங்குகிறது. தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீகாலில் எழுத்தைச் சுற்றி ஒரு கண்ணாடிப் படலம் தெரியும். பரப்பு வழவழப்பாக இல்லாவிட்டால் அதற்கடியில் காற்று சிக்கி வெள்ளியாக மினுங்கும். டிரை டிரான்ஸ்பரில் அந்தத் தொல்லை கிடையாது. மங்கலான வண்ணத்தின் மேலும் நேரடியாக ஒட்டலாம். அதற்குப் பதிலாக ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: டீகாலை ஈரமாக இருக்கும்வரை நகர்த்தலாம், இதை நகர்த்தவே முடியாது. வைத்த இடம் வைத்த இடம்தான்.

இப்போது பல அச்சுக் கடைகளில் ‘யுவி டிடிஎஃப்’ ஸ்டிக்கர் கிடைக்கிறது. கேட்டால், அதுவும் தேய்த்து ஒட்டுவதுதான் என்பார்கள். கப்பில், பாட்டிலில் ஒட்டுவதற்கு அருமையான பொருள். ஆனால் மையின்மேல் வார்னிஷ் ஏற்றியிருப்பதால் தடிமன் கையில் தெரியும். 1:24 அளவு லாரிக்குச் சரி. 1:87 ரயில் பெட்டியில் எழுத்து தனியாகப் புடைத்து நிற்கும்.

தமிழ்நாட்டு மாடலுக்கு வெளிநாட்டுத் தாள் எதுவரை போதும் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். எண்களுக்கும் ஆங்கில எழுத்துகளுக்கும் போதும். ரயில் பெட்டியின் எண், ‘எஸ்ஆர்’ என்ற தெற்கு ரயில்வேயின் ஆங்கிலச் சுருக்கெழுத்து, பஸ்ஸின் பதிவெண் எல்லாம் ஆயத்தத் தாளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டக்கூடியவை. செங்கல்பட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் குறி டிஎன் 19, காஞ்சிபுரத்துக்கு டிஎன் 21. மஞ்சள் தட்டில் கறுப்பு எழுத்து. 340க்கு 200 மி.மீ. அளவுள்ள பின்பக்க எண் தட்டு 1:50 பஸ்ஸில் 6.8க்கு 4 மி.மீ. ஆகும். அதில் இரண்டு வரி எழுத்து ஏற வேண்டும் என்பதை நினைவில் வைத்துத்தான் எழுத்தின் உயரத்தைத் தேர்வு செய்ய வேண்டும். தாளில் ஒவ்வொரு எண்ணும் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணுவதும் அவசியம். இரண்டு பக்கமும் ஒட்டிப் பாதியில் சுழி தீர்ந்துபோனால், ஒரு சுழிக்காக இன்னொரு தாள் வாங்க வேண்டிவரும்.

எண்ணை மனம்போல எழுதிவிடவும் கூடாது. ஐந்து இலக்கத்தில் எழுதிய பெட்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பெட்டி கட்டிய ஆண்டைக் காட்டும். அடுத்த மூன்று இலக்கம் வகையைச் சொல்லும்: 201 முதல் 400 வரை ஸ்லீப்பர், 401 முதல் 600 வரை முன்பதிவில்லாத பொதுப்பெட்டி. பெரம்பூர் ஐசிஎஃப் தொழிற்சாலை 1955இல் தொடங்கியது. பழைய ஐசிஎஃப் வகைப் பெட்டி கட்டுவது 2018இல் நின்றது. அப்படியிருக்க, ஸ்லீப்பர் பெட்டியின்மேல் 52450 என்று ஒட்டினால் ஆண்டும் தவறு, வகையும் தவறு. ரயிலை நேசிப்பவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

தமிழ் எழுத்துக்கு வரும்போது ஆயத்தத் தாளை நம்ப முடியாது. சொல்லிச் செய்யவைக்க வேண்டும். சென்னையில் திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும் கடைகள் உண்டு. ஆனால் அங்கே போவதற்கு முன் வீட்டில் செய்யவேண்டிய வேலைதான் அதிகம்.

பலகையின் எழுத்து எந்த ஃபான்ட்டிலும் கிடைக்காது, அது பெயின்டர் கையால் எழுதியது. சுழி எவ்வளவு வட்டம், கொம்பு எங்கே வளைகிறது, ‘ட்டு’வின் வால் எவ்வளவு நீளம் என்பதெல்லாம் பலகைக்குப் பலகை மாறும். நேராக எதிரே நின்று எடுத்த படத்தைக் கணினியில் போட்டு, மேலே கோடு இழுத்து எழுத்தை வரைந்துகொள்வதுதான் சரியான வழி. ஃபான்ட்டைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால், கடைக்குக் கொடுக்கும் முன் எழுத்தைக் ‘கர்வ்ஸ்’ ஆக மாற்றிவிட வேண்டும். டிடிபி கடைக்காரர்கள் தினமும் சொல்லும் வார்த்தை அது. மாற்றாமல் கொடுத்தால், அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் ‘செ’யின் கொம்பு தனியே கழன்று எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், புள்ளி அடுத்த எழுத்தின் தலையில் ஏறும். நூறு தாள் அச்சான பிறகு அதைப் பார்ப்பது கொடுமை.

கடைக்காரரிடம் நான்கு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். சொல் முழுவதும் ஒரே துண்டாக, எழுத்துகளுக்கிடையே சரியான இடைவெளியோடு அச்சாக வேண்டும். தமிழைத் தனித்தனி எழுத்தாக ஒட்டிச் சொல் சேர்ப்பது நடக்கிற காரியமில்லை. எழுத்து தாளின் அடிப்பக்கத்தில் வருவதால் இடம் வலம் மாற்றி அச்சிட வேண்டும். நீலப் பெட்டியின்மேல் மஞ்சள் எழுத்து வேண்டுமென்றால், முதலில் மஞ்சள், அதன்மேல் வெள்ளை, கடைசியில் பசை என்ற வரிசை வேண்டும். வெள்ளை இல்லாவிட்டால் நீலம் ஊடுருவி மஞ்சள் பச்சையாகத் தெரியும். நான்காவது, புள்ளி. அளவுப்படி வரும் புள்ளியைவிடக் கால் பங்கு பெரிதாக வரையச் சொல்லலாம். கண்ணுக்குத் தெரியாது, ஒட்டும்போது உயிரைக் காப்பாற்றும். மெல்லிய கோடு 0.15 மி.மீ.க்குக் கீழே போனால் அச்சில் அறுந்து வர வாய்ப்பு உண்டு என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் செலவாகும். ஒரு வண்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் ஒரு பலகைக்காகச் செய்வது கட்டுப்படியாகாது. சென்னை கடற்கரை முதல் செங்கல்பட்டு வரையுள்ள நிலையப் பெயர்கள், மகளிர் பெட்டி எழுத்து, பஸ்ஸின் வழித்தடப் பலகை எல்லாவற்றையும் ஒரே தாளில் அடுக்கி, நான்கைந்து பேர் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வதே நல்ல வழி. கறுப்பு ஒரே வண்ணம், ஒரே ஸ்கிரீன்.

கையில் வந்த தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மையில் மயிரிழை விரிசல் இருந்தால் பழைய தாள் அல்லது மடிந்த தாள். பல வண்ணக் குறி என்றால் பூதக்கண்ணாடி வேண்டும். தாம்பரம் விமானப்படைத் தளம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள் இருப்பதால் இந்த வட்டாரத்து விமானப் பிரியர்கள் பலரின் முதல் ஆசை எச்ஜேடி-16 கிரண். 1954 முதல் தாம்பரத்தில் இருக்கும் விமானப் பயிற்றுநர் பள்ளியில் பல்லாண்டு பறந்த ஜெட் அது. எச்ஏஎல் உருவாக்கிய கிரண் முதன்முதலில் பறந்தது 1964 செப்டம்பர் 4 அன்று. சிறகின் அகலம் 10.7 மீட்டர், 1:72இல் உள்ளங்கைக்குக் கொஞ்சம் பெரிதாக 149 மி.மீ. அதன் வட்டக் குறியில் நடுவில் பச்சை, அடுத்து வெள்ளை, வெளியே காவி. மூன்றும் மூன்று ஸ்கிரீனில் வருவதால் ரிஜிஸ்டர், அதாவது வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, கொஞ்சம் விலகினாலும் பச்சை ஒருபக்கம் ஒதுங்கி, முழி பிதுங்கிய கண்போல் இருக்கும். அப்படிப்பட்ட தாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், எப்படியும் சரிசெய்ய முடியாது. விமானப்படைத் தளத்தின் அருகே படம் எடுக்கத் தடை உள்ளது. ஆகவே மாதிரிக்கு விமானப்படை வெளியிட்ட படங்களையே நம்ப வேண்டும்.

வாங்கிய தாளைக் காப்பாற்றுவது தனி வேலை. அக்னி நட்சத்திர வெயிலில் ஓட்டு வீட்டு மாடியிலோ காருக்குள்ளோ வைத்த தாளில் பசை இளகி, எழுத்து தானாகவே பின்தாளில் இறங்கிவிடும். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரம் குடியிருப்பவர்களுக்கு ஈரக் காற்று வேறு. இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே படுக்கைவசமாக வைத்து, ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடி, வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியில் வைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து எடுத்தவுடன் கவரைப் பிரித்தால் குளிர்ந்த தாளில் ஈரம் படியும். அரைமணி பொறுத்துப் பிரிப்பது நல்லது.

ஒட்டும் நாள். வண்ணம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். எனாமல் என்றால் இரண்டு மூன்று நாள், அக்ரிலிக் என்றால் ஒரு முழு நாளாவது. சொரசொரப்பான பரப்பு ஆகாது, பசை மேடுகளை மட்டுமே பிடிக்கும். முட்டை ஓடுபோல லேசான மினுமினுப்பு இருந்தால் பொருத்தம். நம் ஊரில் எண்ணெய்தான் பெரிய எதிரி. தலையில் தடவிய தேங்காய் எண்ணெய் விரலில் இருக்கும், விரலிலிருந்து பலகைக்கு வரும். சோப்புப் போட்டுக் கை கழுவி, பலகையை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைக்க வேண்டும். அக்ரிலிக் வண்ணத்தை ஆல்கஹால் கரைத்துவிடக்கூடும் என்பதால் முதலில் தெரியாத மூலையில் சோதிக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுவதும் அவசியம். காற்றில் துண்டுத் தாள் பறக்கும், தூசி வந்து உட்காரும். விசிறி நின்றால் வியர்க்கும்; அதற்கு ஒரு பருத்திக் கையுறை.

கருவிக்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. ரீஃபில் தீர்ந்த பால் பாயின்ட் பேனா, உப்புத்தாளில் தேய்த்துப் பட்டையாக்கிய ஐஸ்கிரீம் குச்சி, முனை மழுங்கிய 2பி பென்சில். இவை மூன்றும் போதும்.

சொல்லைத் தாளிலிருந்து கொஞ்சம் ஓரம் விட்டுக் கத்தரித்துக்கொள்ள வேண்டும். முழுத் தாளையும் பலகைமேல் வைத்துத் தேய்த்தால், பக்கத்து ஊர்ப் பெயரும் பாதி இறங்கிவிடும். பலகையில் அடிக்கோட்டுக்காக மெல்லிய மாஸ்கிங் டேப்பை நேராக ஒட்டி, அதன் விளிம்பில் எழுத்தின் அடியைப் பொருத்துவது பழைய பழக்கம்; அதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை. டேப்பை ஒருமுறை ஜீன்ஸ் துணியில் ஒட்டி எடுத்துவிட்டால் பசை குறைந்து வண்ணத்தை உரிக்காது. தமிழில் அடிக்கோடு பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. ‘செங்கல்பட்டு’வில் ‘டு’வின் வால் கோட்டுக்குக் கீழே இறங்கும். ஆகவே எழுத்தின் உடலைத்தான் கோட்டில் வைக்க வேண்டும், வாலை அல்ல. பின்தாளை எடுத்துத் துண்டைப் பொருத்தி இரண்டு முனையிலும் டேப்பால் இறுக்கியதும், ஒரு தரம் எழுந்து நின்று தூரத்திலிருந்து பார்த்துவிட வேண்டும். கோணல் இருந்தால் அப்போதே தெரியும். தேய்க்கத் தொடங்கிய பிறகு தெரிந்து பயனில்லை.

தேய்ப்பதில் அவசரம் கூடாது, முரட்டுத்தனமும் கூடாது. முதல் எழுத்தின் ஓரத்திலிருந்து தொடங்கி, லேசான அழுத்தத்தில் சின்னச் சின்னக் கோடுகளாகச் சொல்லின் கடைசிவரை போக வேண்டும். கறுப்பு எழுத்து சாம்பலாக வெளுத்துக்கொண்டே வரும். கொம்பின் சுழிக்குள் முனை போகவில்லையென்றால் அங்கே மட்டும் கறுப்பு அப்படியே நிற்கும். பிறகு புள்ளிகள். பேனா முனையை ஒவ்வொரு புள்ளியின்மேலும் நேராக வைத்து அழுத்தி, இருந்த இடத்திலேயே சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் புள்ளி நகர்ந்து கோடாகிவிடும். ங், ல், ட், ந், ப் என்று ஐந்தையும் வாயால் எண்ணிக்கொண்டே செய்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல பழக்கம் அது.

தாளைத் தூக்கும்போது மேல்நோக்கி இழுக்காமல், ஒரு மூலையிலிருந்து பின்பக்கமாக மடித்து, பலகையோடு ஒட்டிப் படுத்தவாறே உருட்டி எடுக்க வேண்டும். கண் தாளின் விளிம்பைவிட்டு அகலக்கூடாது. ஏதாவது ஓர் எழுத்து தாளோடு எழுந்தால் அப்படியே நிறுத்தி, தாளை மறுபடி படுக்கவைத்து, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தரம் தேய்க்க வேண்டும். மற்ற முனை டேப்பில் இருப்பதால் இடம் மாறாது. தாளிலேயே தங்கிவிடுவது பெரும்பாலும் ‘ல்’லின் புள்ளிதான். எழுத்தின் வளைவுக்கு மேலே தனியாக இருப்பதால் தேய்ப்பவரின் கை அதைத் தாண்டிப் போய்விடுகிறது. எல்லாம் இறங்கிய பிறகு எடுத்து வைத்த பின்தாளை எழுத்தின்மேல் போட்டு, ஐஸ்கிரீம் குச்சியால் ஒரு தரம் அழுத்தமாகத் தேய்த்துவிட்டால் எழுத்து வண்ணத்தோடு வண்ணமாகப் படிந்துவிடும்.

தவறிவிட்டால்? செல்லோடேப்பின் பசையைக் கையில் ஒட்டிக் கொஞ்சம் குறைத்து, தவறிய எழுத்தின்மேல் மெதுவாகத் தட்டி எடுக்கலாம். மீதியைப் பல்குத்தும் குச்சி சுரண்டும். பின்தாளால் அழுத்தித் தேய்ப்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். தின்னர் ஊற்றிக் கழுவ நினைப்பவர் பலகைக்கு மறுபடி மஞ்சள் அடிக்கத் தயாராக இருக்க வேண்டும். ஒரே ஒரு புள்ளி மட்டும் விழாமல் போனால் முழுச் சொல்லையும் எடுக்க வேண்டாம். ஆங்கிலத் தாளில் முற்றுப்புள்ளிகள் வரிசையாக இருக்கும், அதிலிருந்து ஒன்று அந்த இடத்தில் கச்சிதமாக உட்காரும்.

வளைந்த பரப்பில் இந்த முறை தடுமாறும். மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கும் ஃபைபர் படகுகளின் முன்பக்கம் இரண்டு திசையிலும் வளைவது. அங்கேதான் படகின் பெயரும் பதிவெண்ணும் இருக்கும். 1983ஆம் ஆண்டு தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் படகுப் பதிவைக் கட்டாயமாக்கியது. இன்றைய பதிவெண் ‘ஐஎன்டி - டிஎன்’ என்று தொடங்கி, மாவட்ட எண், பிறகு படகின் வகை, பிறகு வரிசை எண் என்று நீளும். மோட்டார் பொருத்திய படகுக்கு ‘எம்ஓ’, விசைப்படகுக்கு ‘எம்எம்’. இவ்வளவு நீளமான வரியை வளைவின்மேல் வைத்துத் தேய்த்தால் நடுவில் பிடிக்கும், ஓரத்தில் கிழியும். இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. அச்சிடாத வெற்று டீகால் தாளைத் தட்டையாக வைத்து, அதன்மேல் டிரை டிரான்ஸ்பரை ஒட்டி, வார்னிஷ் அடித்துக் காயவைத்து, பிறகு சாதாரண டீகால்போலத் தண்ணீரில் நனைத்துப் படகில் இறக்குவது. ஓரப் படலம் வந்துவிடும்தான். ஆனால் எழுத்து நேராக இருக்கும், இடம் மாற்றவும் முடியும். கிரணின் வட்டக் குறி சிறகில் மேடுபள்ளமான இடத்தில் வந்தாலும் இதே வழி.

கடைசியில் வார்னிஷ். எழுத்தைச் சும்மா விட்டால் ஆறு மாதத்தில் கைபட்டு உரியும். ஆனால் காட்டமான லாக்கரை ஒரேயடியாக நனைத்து அடித்தால் மையே சுருங்கிவிடும். தண்ணீர் கலந்து அடிக்கும் அக்ரிலிக் வார்னிஷ் பாதுகாப்பானது. அதையும் முதல் பூச்சு தூவல்போல, இரண்டாவது பூச்சு கொஞ்சம் நனைவாக என்று பிரித்து அடிக்க வேண்டும். வெட்டியெடுத்த தாளில் மிச்சமான ஓர் எழுத்தை ஏதாவது பிளாஸ்டிக் துண்டில் ஒட்டி முதலில் அதன்மேல் சோதிப்பது பத்து நிமிட வேலை. லாக்கர்தான் அடிப்பேன் என்பவர் வடகிழக்குப் பருவமழை மாதங்களான அக்டோபர் முதல் டிசம்பர் வரை கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஈரக் காற்றில் லாக்கர் பால்போல வெளுத்துப் பூக்கும். மற்ற மாதங்களிலும் கடலோர வீடுகளில் விடியற்காலையில் அடிக்காமல், வெயில் ஏறிப் பனி விலகிய பிறகு அடிப்பதே சரி.

நிலையப் பலகைக்கு இரண்டு முகம் உண்டு, இரு பக்கம் வரும் ரயிலுக்கும் தெரிய வேண்டுமே. முதல் முகத்தின் வார்னிஷ் முழுதாகக் காய்வதற்கு முன் பலகையைக் கவிழ்த்து மறுபக்கம் தேய்க்கத் தொடங்கினால், முதல் பக்கத்து எழுத்து மேசை விரிப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஒரு நாள் விட்டு, மெத்தென்ற துணியை மடித்துப் போட்டு, அதன்மேல் பலகையைக் கவிழ்த்து மறுபடி டேப்பிலிருந்து தொடங்க வேண்டும்.